லைட் பிடிக்க ஓர் ஆள்

கல்யாண போட்டோகிராபருக்கு உதவியாளர் தேடுவது மென்பொருள் நிறுவனத்துக்கு ஆள் எடுப்பதைவிடச் சிரமமான காரியம். இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். எங்கள் தொழிலில் புதிதாகச் சேர்ந்தவர் எழுதிய நிரல் படுத்துவிட்டால் நேற்றைய பதிப்புக்குத் திரும்பிக்கொள்ளலாம். தாலி கட்டுவதற்கு அப்படி ஒரு நேற்றைய பதிப்பு கிடையாது.

சித்தப்பா கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்து முப்பத்து நான்கு வருடங்கள் ஆகின்றன. போன வருடம் அவருடைய வலது தோள்பட்டை இறுகிக்கொண்டது. பிசியோதெரபியில் ஓரளவு சரியானது, ஆனால் பெரிய லென்ஸ் மாட்டிய கேமராவை இரண்டு நாள் தூக்கிப் பிடிக்கிற தோளாக அது திரும்பவில்லை. ஆவணியில் ஐந்து முகூர்த்தத்துக்கும் ஐப்பசியில் நான்குக்கும் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. ஆள் கிடைக்காவிட்டால் கடையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதைச் சித்தி மூலமாக எனக்குத் தெரியப்படுத்தினார். இந்த மாதிரி விஷயங்களை அவர் நேராகச் சொல்லமாட்டார். வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு மாதம் அனுமதி வாங்கிக்கொண்டு நான் ஊருக்கு வந்தேன்.

சித்தப்பா தொழில் கற்றது தஞ்சாவூரில், 1979-இல், பதினைந்து வயதில். கேமராவைத் தொட இரண்டு வருடம் ஆனதாம். அதுவரை இருட்டறையில் ஹைப்போ தட்டுகளைக் கழுவுவது, பிரிண்டுகளைக் காயவைப்பது, மாஸ்டருக்கு டீ வாங்கிவருவது. பிறகு, நெகட்டிவில் பென்சிலால் முகத்துத் தழும்புகளை மறைக்கும் டச்சிங். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தொழில்தான் சம்பளம், அதை மாஸ்டர் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார். முழுதும் கொடுத்துவிட்டால் பையன் போய்விடுவான் என்று அவருக்குத் தெரியும். சித்தப்பாவும் போனார். 1991-இல் கும்பகோணத்தில் தனியாகக் கடை போட்டார். அந்த மாஸ்டர் கடைசிவரை இவரோடு பேசவில்லை.

அதே கதை இவருக்கும் நடந்தது. இவரிடம் ஏழு வருடம் இருந்த ஒருவர் அதே தெருவில் நாலு கடை தள்ளி ஸ்டூடியோ திறந்தார். "என் ஆல்பத்தைத்தான் சாம்பிளா வச்சிருக்கான்டா" என்று சித்தப்பா இன்னமும் சொல்வார். அந்த ஆல்பத்தில் பாதிப் படங்களை எடுத்தது அந்த ஆள்தானே என்று கேட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

வேலை கேட்டு வந்த பையன்களில் நான்கு பேரோடு உட்கார்ந்து பேசினேன். எல்லோருமே கெட்டிக்காரர்கள். ஒருவன் ஹெலிகேம் ஓட்டுவான், இன்னொருவன் செல்போனிலேயே ரீல்ஸ் வெட்டி ஒட்டிக் காட்டினான். அதில் மூன்று பேர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நான் எடுத்த போட்டோவ என் இன்ஸ்டாகிராம்ல போட்டுக்கலாமாண்ணா?"

சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கடையின் கேமரா, கடையின் பார்ட்டி, படம் மட்டும் அவன் பெயரிலா என்பது அவர் கட்சி. எனக்கு அந்தப் பையன்களின் கேள்வி நியாயமாகப் பட்டது. சட்டத்தைப் பார்த்தால் இருவர் கட்சியுமே முழுதாக நிற்காது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதாவது பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ. இதைச் சொன்னபோது சித்தப்பா, "அவங்க பாக்கிப் பணத்தையே குடுக்குறதில்ல, உரிமையாளராம்" என்றார்.

சினிமாவில் இந்த உறவு கொஞ்சம் வேறு மாதிரி. பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள்தான் ஜீவாவும் கே.வி. ஆனந்தும் திருவும். பிரியதர்ஷனின் 'தேன்மாவின் கொம்பத்து' படத்துக்குத் தன்னால் வர முடியாதபோது ஸ்ரீராம் ஆனந்தைப் பரிந்துரைத்தார். 1994-இல் வந்த அந்த முதல் படத்திலேயே ஆனந்துக்குத் தேசிய விருது கிடைத்தது. அங்கே டைட்டிலில் உதவியாளர் பெயர் வரும், இன்னாரிடம் இருந்தேன் என்பதே ஒரு முகவரி. கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலோ ஸ்டூடியோ பெயரும் போன் நம்பரும் மட்டும்தான்.

ஐந்தாவதாக வந்தது ஒரு பெண். வலங்கைமான் பக்கம், திருச்சியில் விஸ்காம் படித்தவள். சித்தப்பா முதலில் தலையாட்டவேயில்லை. "ராத்திரி மண்டபத்துல தங்கணும், நாலரைக்கெல்லாம் முகூர்த்தம் இருக்கும்" என்றார். அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா மறுநாள் கடைக்கே வந்து கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "எங்க படுத்துக்குவா சார்?" சித்தி, "முதல் ரெண்டு கல்யாணத்துக்கு நான் கூடப் போறேன்" என்றார். யாரும் கேட்காமலேயே சொன்னார்.

சோதனைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனோம். லைட் பிடிப்பது மட்டும்தான் வேலை. தாலி கட்டும் நேரம் மேடையில் என்ன நடக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். கெட்டிமேளம், பறந்துவரும் அட்சதை, ஹோமப் புகை, உயரும் நாற்பது செல்போன்கள், குறுக்கே வந்து நிற்கும் தாய்மாமன். ஒரு முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற இரண்டை நாத்தனார் போட்டுவிடுவார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட இருக்காது. அந்தப் பெண் தாய்மாமனின் தோளுக்கு மேலாக லைட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் அவரைத் தொட்டு, "மாமா, நீங்க இந்தப் பக்கம் நின்னாத்தான் போட்டோல விழுவீங்க" என்று நகர்த்தினாள். சித்தப்பா அதைக் கவனித்தார். ஆனால் அவர் மனம் மாறியது பிறகுதான். முகூர்த்தம் முடிந்ததும் எல்லோரும் பந்திக்குப் போக, அவள் இரண்டு கார்டுகளையும் கழற்றி உறையில் போட்டு நேரம் எழுதி, லேப்டாப்பில் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போனாள். பிலிம் காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாலு ரோல், நூற்று நாற்பத்து நான்கு படம். இன்றைக்கு நாலாயிரம், கட்டைவிரல் நகத்தளவு கார்டில் கிடக்கிறது.

அதோடு, மணமகள் அறைக்குள் சித்தப்பாவால் எப்போதுமே வாசல்வரைதான் போக முடிந்திருக்கிறது. அவள் உள்ளே போனாள். பூ வைத்துவிடும் பாட்டியின் கை, கண்ணாடியில் தெரியும் அம்மாவின் முகம் என அவருடைய முப்பத்து நான்கு வருட ஆல்பங்களில் இல்லாத படங்கள் அன்று கிடைத்தன.

இந்தச் சமயத்தில் ஐப்பசிப் பார்ட்டி ஒருவர் போன் செய்தார். "புதுசா ஒரு பொண்ணு வருதாமே. நம்ம ஆளுங்கதானே?" ரூமுக்குள்ளே, சமையல்கட்டுவரைக்கும் போவார்கள், அதற்காகக் கேட்டேன் என்று விளக்கமும் சொன்னார். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போட்டோ எடுக்கிற ஆளுங்க" என்றார். அந்த முகூர்த்தம் கைவிட்டுப் போனது, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். அதே கேள்வியை முன்பு வந்த பையன்களிடம் அவரே சுற்றிவளைத்து, 'எந்தத் தெருப்பா' என்று கேட்டதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினேன். மாதம் 16,000 ரூபாய், ஆடி, மார்கழி உட்பட. "ஆடி மாசம் ஈ ஓட்டுறதுக்கும் சம்பளமா?" என்று கேட்டார். தேங்கிக் கிடக்கிற ஆல்பங்களை வேறு எந்த மாதத்தில் முடிப்பீர்கள் என்றேன். ஆல்பம் கொடுத்த பிறகு, வீட்டாரின் சம்மதத்தோடு, தான் எடுத்த படங்களைக் கடையின் பெயரும் சேர்த்து அவள் போட்டுக்கொள்ளலாம். கடைசியாக, சித்தப்பா கேட்டுக்கொண்டபடி, வேலையை விட்டால் இரண்டு வருடம் கும்பகோணத்தில் கடை போடக்கூடாது என்று ஒரு வரி. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி அது செல்லாது என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சட்டத்துக்காக அடித்தது போல எனக்குத் தெரியவில்லை.

ஆல்பத்தின் கடைசிப் பக்கம் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. அவள் கேட்கவில்லை, நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தை மாதம் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தது. மன்னார்குடிக்கு அவளையும் லைட் பிடிக்க ஒரு பையனையும் அனுப்பினார். பெண்ணின் அப்பா, "நீங்க வரலையா சார்?" என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. ஏழே முக்காலுக்குச் சித்தப்பா அவளுக்குப் போன் செய்தார். படம் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. "கார்ட கழட்டிட்டியாம்மா?" என்றுதான் கேட்டார்.