மாம்பலத்துல ஒரு வீடு மேல வருது!

"எங்க அபார்ட்மென்ட் மேல எழும்புதுடா!"

போன்ல அத்தை இப்படிச் சொன்னதும் சிரிச்சுட்டேன். சிவில் மூணாவது வருஷம் படிக்கிற என்கிட்டயே ரீலா? "நம்பலைன்னா நேர்ல வந்து பாரு"ன்னாங்க. ஞாயித்துக்கிழமை கிளம்பிட்டேன்.

தி.நகர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, 2023-ல திறந்த ஆகாய நடைபாதையில ஏறினா, ரங்கநாதன் தெரு கூட்டத்துல நசுங்காம மாம்பலம் ஸ்டேஷன் போயிடலாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேற்கு மாம்பலம். அங்கே 'லேக் வியூ ரோடு'ன்னு ஒரு போர்டு. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை! ஆனா ஒரு காலத்துல ரெண்டுமே இருந்துச்சு. நுங்கம்பாக்கத்துலேர்ந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. 1920-கள்ல அதை வடியவிட்டு, தூர்த்து, மனை போட்டு உருவாக்கின ஊர்தான் தி.நகர். நாம தீபாவளிக்கு டிரெஸ் எடுக்கிறதே ஏரிக்குள்ளதான் பாஸ்!

அத்தை வீட்டு வாசல்ல நின்னதும் சிரிப்பு நின்னு போச்சு. முன்னாடி ஒரே படி. இப்போ ரெண்டு படி ஏறணும். சுவருக்கும் சிமென்ட் தரைக்கும் நடுவுல கை நுழையற அளவுக்கு இடைவெளி.

வீடு எழும்பலை. தரைதான் இறங்கியிருக்கு. கட்டடம் நிக்கிறது பைல் அஸ்திவாரத்து மேல. களிமண்ணைத் தாண்டி, கீழே கெட்டியான அடுக்கு வரைக்கும் போற கான்கிரீட் தூண்கள் அவை. ஏரிக் களிமண் மேல மண்ணைக் கொட்டி மேடாக்கினாலோ, போர்வெல் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சினாலோ, களிமண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி வருஷக்கணக்கா மெதுவா வெளியேறும். மண் அமுங்கும். தூண் அப்படியே நிக்கும்.

இங்கேதான் வில்லங்கம். சாதாரணமா, பக்கத்து மண் தூணைப் பிடிச்சு நிறுத்தி, பாரம் தாங்க உதவும். அதே மண் இறங்க ஆரம்பிச்சா, பிடிச்ச பிடியை விடாம தூணையும் கீழே இழுக்கும். தோள் கொடுத்தவனே தோள்ல ஏறி உட்கார்ற கதை! இதுக்குப் பேர் 'எதிர் உராய்வு'. பைல்கள் கூட்டமா நின்னா இழுப்பு எல்லாருக்கும் சமமா வராது. நடுவுல மாட்டின மண்ணைச் சுத்தி இருக்கிற தூண்களே தாங்கிப் பிடிச்சுக்கும். அதனால உள்ளே இருக்கிற தூண் தப்பிக்கும், ஓரத்துத் தூணுக்கு அதிகம், மூலையில நிக்கிறதுக்கு இன்னும் அதிகம். ஃபுட்போர்டுல தொங்கறவன் நிலைமைதான்!

மெக்ஸிகோ சிட்டியும் ஏரியைத் தூர்த்துக் கட்டின ஊர்தான். அங்கே 1910-ல திறந்த சுதந்திர தேவதைத் தூண் அப்படியே நிக்குது. சுத்தி இருக்கிற தரை இறங்கிக்கிட்டே போனதால, பின்னாடி 14 படி புதுசா கட்ட வேண்டியதாப் போச்சு. அத்தைக்கு இப்போதைக்கு ஒண்ணுதான்.

"அப்போ பயப்படணுமா?"ன்னு கேட்டாங்க. இடைவெளி தெரியறதாலேயே கட்டடத்துக்கு ஆபத்துன்னு அர்த்தம் இல்லை. டிசைன் பண்ணினவர் களிமண்ணை உதவியா எண்ணினாரா, சுமையா எண்ணினாரா? கேள்வி அதுதான். பைலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2911 இதைக் கணக்குல எடுக்கச் சொல்லுது. பதில் மண் பரிசோதனை ரிப்போர்ட்டுலயும் டிசைன் கணக்குலயும் இருக்கும். ஆனா ரெண்டுமே அசோசியேஷன்ல யார்கிட்டயும் இல்லை. பில்டர் போனை எடுக்கறதில்லை. ஃபிளாட் வாங்கினப்போ எல்லாரும் டைல்ஸ் கலர்தான் கேட்டாங்களாம்!

பக்கத்துத் தெரு ரிப்போர்ட்டும் உதவாது. மயிலாப்பூர் தாண்டிக் கடல் பக்கம் போனா மணல், அடையாறு ஆத்தங்கரையில வண்டல்... மனைக்கு மனை மண் மாறும்.

அனுபவமுள்ள ஒரு இன்ஜினீயரைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டு, நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். தரை சுவரைத் தொடற இடத்துல பென்சிலால ஒரு கோடு. பக்கத்துல தேதி.

"சுவரைக் கிறுக்காதடா!"

அடுத்த தீபாவளிக்கு ஸ்கேலோட வர்றேன் அத்தை!