மேலே ஒரு வண்டி, கீழே ஒரு வண்டி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவி

'சப்வே' என்றதும் சென்னைவாசிகளுக்கு நினைவில் வருவது ஒரு மழைக்கே குளமாகிவிடும் சாலைச் சுரங்கப்பாதைதான். நியூயார்க் நகரத்தாருக்கோ அது 1904 முதல் மண்ணுக்கடியில் ஓடும் ரயில். 1863-லேயே உலகின் முதல் நிலத்தடி ரயிலை விட்ட லண்டன்காரர்கள், நம்மைப் போலவே, நடந்து கடக்கும் சுரங்கத்தைத்தான் 'சப்வே' என்கிறார்கள். பெயர் எப்படியோ போகட்டும். அன்றாடம் படிக்கவும் பிழைக்கவும் நகருக்குள் வந்து போகிறவர்களுக்கு மேலே ஓடும் மின்சார ரயில் ஏற்றதா, கீழே ஓடும் மெட்ரோ ஏற்றதா? என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் கேள்வி இது.

முதலில் வயதில் மூத்தவரைப் பார்ப்போம். கடற்கரை – தாம்பரம் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அப்போது அது மீட்டர் கேஜ் பாதை. 2004-இல் அந்தப் பழைய வண்டிகள் விடைபெற்றன. இன்று ஓடுபவை அகலப் பாதை வண்டிகள். இளையவரான மெட்ரோ 29-6-2015 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே மேம்பாலத்தில் ஓடத் தொடங்கியது. 2017 மே மாதத்தில்தான் அது திருமங்கலம் – நேரு பூங்கா இடையே மண்ணுக்குள் இறங்கியது.

இயற்பியல் மாணவி என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு வண்டிகளும் குடிப்பது ஒரே பால்தான்! இரண்டுக்கும் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். ஆனால் மின்சார ரயிலின் தண்டவாள அகலம் 1676 மி.மீ.; மெட்ரோவுக்கு 1435 மி.மீ. அங்கே 12 பெட்டிகள், இங்கே 4. மெட்ரோ நிற்கும்போது அதன் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வேகத்தை மின்சாரமாக்கிக் கம்பிக்கே திருப்பித் தருகிறது. சுரங்க நிலையங்களில் நடைமேடை ஓரம் நிற்கும் கண்ணாடிக் கதவுகள் ஆள் விழாமல் காக்கின்றன. குளிர்ந்த காற்று சுரங்கத்துக்குள் வீணாகாமலும் தடுக்கின்றன. பாடப்புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே ஓடுவதைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

நிற்க. எங்கள் வீடு கூடுவாஞ்சேரியில். அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அம்மா பூ வியாபாரம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான்தான். சேர்க்கைக் கடிதம் வந்த அன்று அப்பா கேட்டது பாடத்தைப் பற்றியல்ல. "போக வர எவ்வளவும்மா ஆகும்?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். எனக்கு விடை தந்தது ரயில்வே. வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே மாணவியருக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை இரண்டாம் வகுப்பு சீசன் சீட்டு இலவசம் என்று எங்கள் பள்ளி ஆசிரியை சொன்னார். அப்பா அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வண்டியின் பெண்கள் பெட்டிதான் என் படிப்பறை. பூ தொடுப்பவர், கீரை ஆய்பவர், அலுவலகம் போகிறவர், வீட்டுவேலைக்குப் போகிறவர் என எல்லாரும் அங்கே ஓர் உலகம். தேர்வு நாளில் நான் புத்தகத்தைத் திறந்தால், "பாப்பா படிக்குது, கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா" என்று யாராவது ஓர் அக்கா இடம் வாங்கிக் கொடுத்துவிடுவார். அம்மாவின் பூக்கூடைக்கும் அந்த வண்டியில் இடமுண்டு. பைகளைச் சோதித்து அனுப்பும் மெட்ரோவில் அந்தப் பெரிய கூடை ஏறுமா?

அதற்காக மின்சார ரயிலின் குறைகளை மறைக்க முடியாது. திறந்த வாசலில் தொங்கிச் செல்வது இன்றும் தீரவில்லை. 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில் அப்படித் தொங்கிச் சென்றவர்கள் சுவரில் மோதி உயிரிழந்த செய்தியை மறக்க முடியுமா? தண்டவாளத்தைக் கடந்து ஓடும் அவசரமும் குறையவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது புறநகர் வண்டிகள் நின்றன, மெட்ரோ ஓடியது. மாலையில் ஆய்வக வகுப்பு முடிந்து இருட்டிய பின் கிளம்பும் பெண்ணுக்கு, வெளிச்சமும் காவலும் உள்ள மெட்ரோ நிலையம் தரும் நிம்மதியைப் பெண்களே அறிவார்கள்.

அப்படியானால் மெட்ரோவிலேயே போகலாமே என்பீர்கள். கிண்டியில் நான் மின்சார ரயிலை விட்டு இறங்குகிறேன். அங்கிருந்து கல்லூரிப் பக்கம் மூன்றாவது மெட்ரோ நிலையம். 2 கி.மீ.க்கு மேல் 5 கி.மீ. வரை கட்டணம் 20 ரூபாய். போக வர 40. மாதம் 22 நாளுக்கு 880 ரூபாய். பயண அட்டைக்கு 20 விழுக்காடு கழிவு போனாலும் 704. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த எங்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் கிடைப்பது 1000 ரூபாய். அதில் 704 போனால் மிஞ்சுவது 296. ரெக்கார்டு நோட்டுக்கும் நகல் எடுக்கவும் அதுதான்! ஆகவே கிண்டியில் இறங்கிப் பேருந்துக்கு ஓடுகிறேன். பேருந்து தாமதமானால் முதல் மணி வகுப்பின் பாதி போய்விடுகிறது.

தவிர, மெட்ரோ தெற்கே விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று வாடகை குறைவான ஊர்களில்தான் எங்களைப் போன்றவர்கள் குடியிருக்கிறோம். வசதி நகருக்குள், தேவை நகருக்கு வெளியே. 2025 ஏப்ரலில் குளிர்சாதன மின்சார ரயிலும் வந்தது. கதவு தானாக மூடுகிறது. குறைந்த கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியிலோ 5 ரூபாய். கதவு மூடுவது உயிர்க்காப்பு அன்றோ? அது ஏன் குளிர்சாதனத்தோடு சேர்த்து விலைக்கு வரவேண்டும்?

என் முடிவு இதுதான். தொலைவுக்கும் கூட்டத்துக்கும் மின்சார ரயில். நகருக்குள் விரைவுக்கும் பாதுகாப்புக்கும் மெட்ரோ. ஒன்று தண்டு, மற்றது கிளை. இரண்டையும் பிணைக்க வேண்டியது பயணச்சீட்டு. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கைப்பேசிச் செயலியில் சீட்டு வாங்கும் 'சென்னை ஒன்று' 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. சீட்டை இணைக்க முடிந்தவர்களுக்குச் சலுகையை இணைப்பது கடினமா? பேருந்திலும் ரயிலிலும் செல்லும் மாணவர் சலுகை மெட்ரோ வாசலில் மட்டும் செல்லாமற் போவானேன்?

மாணவ நண்பர்களே, நாம் எல்லாரும் கையொப்பமிட்டு ஒரு விண்ணப்பம் அனுப்பினால் என்ன? பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் எழுதித் தர நான் தயார். அடுத்த ஆண்டு சேரப்போகும் ஏதோ ஒரு வீட்டின் முதல் பட்டதாரியிடம் அவள் அப்பா, "போக வர எவ்வளவும்மா ஆகும்?" என்று கேட்கும்போது, "ஒன்றும் ஆகாதுப்பா" என்று அவள் சொல்லட்டும்.