127.0.0.1

அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் முப்பது வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவர். எந்தக் குடும்பம் எந்தத் தெருவிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்று ஒரு நோட்டு வைத்திருந்தார். பாதிக்கு மேல் அவருக்கு மட்டும் புரிகிற சுருக்கம். அதைத் தேடிப் பார்க்கிற மாதிரி ஜாங்கோவில் ஒரு சின்ன செயலி எழுத ஆரம்பித்து இரண்டு வருடம். "காட்டுடே" என்பார். "இன்னும் முடியலப்பா" என்பேன். போன வருடம் அவருக்கு மறதி தொடங்கியது.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது, லேப்டாப்பில் சர்வரை ஓடவிட்டு, அவர் போனில் 127.0.0.1:8000 என்று அடித்துக் கொடுத்தேன்.

"என்னடே, ஒண்ணையும் காணோம்?"

கைப்பழக்கம். 127.0.0.1 என்றால் எந்தக் கருவிக்கும் 'நானே' என்றுதான் அர்த்தம். லேப்டாப்பில் அது லேப்டாப், போனில் போன். 127-இல் தொடங்கும் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் முகவரிகளும் இப்படித் தனக்குள்ளேயே திரும்புபவை. அங்கே போட்ட கடிதம் தெருவுக்கே வராது.

"அப்போ அந்த 8000?"

"அது போர்ட்டுப்பா. கதவு நம்பர் மாதிரி."

"கதவு நம்பர் சரி. வீடு யாருது?"

ஜாங்கோவின் ரன்சர்வர், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், 127.0.0.1-இல் மட்டுமே காது கொடுக்கும். 0.0.0.0:8000 என்று மாற்றினேன். எந்த வழியாக வந்தாலும் கேள் என்று பொருள். வெளியிடங்களின் வைஃபையில் இதைச் செய்யக் கூடாது. இது எங்கள் வீடு. போனில் இப்போது லேப்டாப்பின் வைஃபை முகவரி, 192.168.1.7. இந்தமுறை சர்வர் பதில் சொன்னது: 400, பிழை. வருகிற கோரிக்கை எந்தப் பெயருக்கு வந்திருக்கிறது என்று ஜாங்கோ பார்க்கும். அலவ்டு ஹோஸ்ட்ஸ் பட்டியலில் அந்தப் பெயர் இல்லையென்றால் வாங்காது.

"சரிதானே. வேற பேருக்கு வந்த தபால வாங்கலாமா?" என்றார் அப்பா.

பட்டியலில் சேர்த்தேன். பக்கம் திறந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். முதல் பக்கத்தில் பன்னிரண்டு குடும்பங்கள். ஒன்பதுக்கு விவரம் சொன்னார், இரண்டில் என் தப்பைத் திருத்தினார். மூன்றில் நின்றார்.

"இது யாருடே?"

எனக்கு எப்படித் தெரியும்? அவர் கையெழுத்துதான். இரண்டு வருடம் முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அன்றிரவு சர்வரை நிறுத்தவில்லை. லேப்டாப் தூங்கிப்போகாதபடி செட்டிங்கை மாற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தபோது இன்னும் நான்கு வரிகள் திருத்தப்பட்டிருந்தன.