விசிறிப் புராணம்

என் அத்தான் சென்ற கோடையில் தம்முடைய வீட்டை ஓட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். வீட்டாரை ஏற்றிக்கொண்டு என்று எழுத வந்தவன் கை தவறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டைத்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். அதற்கு நாலு சக்கரம் இருந்தது. முன்னால் ஸ்டியரிங், பின்னால் சமையலறை, நடுவில் கட்டில். கூரைமேல் சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகைகள் இரண்டு. பூர்வாசிரமத்தில் அது ஒரு பள்ளிக்கூட வேன். அத்தான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேறு எதை வாங்குவார்? வெளியே வெள்ளை வர்ணம் அடித்திருந்தார். ஆனாலும் கதவைத் திறந்தால் இடுக்கில் பழைய மஞ்சள் எட்டிப் பார்த்தது.

வேடிக்கைக்காக வாங்கிய வண்டி அல்ல அது. என் அக்காவுக்கு நீரிழிவு. ஆறு வருஷமாக இன்ஸுலின் போட்டுக்கொள்கிறாள். அந்த மருந்தை 2 டிகிரிக்குக் குறையாமலும் 8 டிகிரிக்கு மேற்படாமலும் வைத்துக் காப்பாற்ற வேண்டும். உறைந்தாலும் கெட்டது, சூடானாலும் கெட்டது. திறந்து உபயோகிக்கிற சீசாவை மட்டும் ஏறக்குறைய நாலு வாரம் வெளியே வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்த 'வெளியே' என்பதும் 25, 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் சித்திரை மாதத்தில் அப்படி ஒரு 'வெளியே' கிடையாது. ஆகவே அக்கா கல்யாணம் காட்சிக்குப் போனால் ஐஸ் டப்பாவோடு போவாள். பந்தி முடிந்ததும் திரும்பிவிடுவாள். காசிக்குப் போக வேண்டும், கங்கையைப் பார்க்க வேண்டும் என்று வருஷம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். அத்தானை உறுத்தியது அந்த நிறுத்தந்தான் என்று நினைக்கிறேன்.

வண்டிக்குள் பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் ஓடும் சின்னக் குளிர்ப்பெட்டி ஒன்றை வைத்தார். விழுப்புரத்தில் யாரோ தச்சரைப் பிடித்து அதற்கு அழகாக ஒரு மர அலமாரியும் செய்தாயிற்று. காசிக்குக் கிளம்பும் முன் ஓர் ஒத்திகை வேண்டுமே, அதற்குத்தான் எங்கள் ஊர்.

"இந்த ஊர் வெயிலில் ஒரு மாசம் பெட்டி தாங்கினால் காசி வரைக்கும் தாங்கும், மாப்பிள்ளை. தாங்காவிட்டால் வண்டியை விற்றுவிடுகிறேன்" என்றார்.

பரீட்சை மண்டபத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். அக்கினித் தலம் என்று சும்மாவா பெயர் வந்தது? 2,668 அடி உயரத்துக்குப் பாறை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரியில் சாவகாசமாக நமக்குத் திருப்பிக் கொடுக்கும். ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையில் இருந்தார். கோடை வந்து அங்கே தண்ணீர் வற்றினால் அவரே மாமரக் குகைக்கு ஜாகை மாற்றிக்கொள்வாராம். நாமெல்லாம் எம்மாத்திரம்?

செங்கம் சாலையிலிருந்து பிரியும் தெருவில் எங்கள் வீடு. பக்கத்தில் ஒரு காலி மனை, அதில் ஒரு வேப்பமரம். வண்டி அதன் அடியில் நின்றது. மாடியறை காலியாக இருக்கிறது, அங்கே படுத்துக்கொள்ளுங்கள் என்று என் மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஒத்திகையில் ஏமாற்றக்கூடாது என்று அத்தான் மறுத்துவிட்டார்.

முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. உள்ளே இருக்கிற உஷ்ணத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். கொட்டுகிற இடம் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் குழாய்ச் சுருள். அந்தச் சுருளைக் காற்று வீசி ஆற்றுவதற்கு ஒரு குட்டி விசிறி. உள்ளங்கை அகலங்கூட இல்லாத அந்த விசிறிதான் வேப்பமரத்தடியில் சாணை பிடிப்பவன் கடை போட்டதுபோல ஒரே ஸ்தாயியில் அலறிற்று. என் எழுத்து மேஜை இருக்கும் ஜன்னல் அந்தப் பக்கம். கதாநாயகியைக் கண்ணீர் விட வைப்பதற்காக உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பதிலாக எனக்குக் கண்ணீர் வந்துவிடும் போலிருந்தது. மூன்று ராத்திரி பொறுத்தேன்.

நாலாவது ராத்திரி பதினோரு மணிக்குச் சத்தம் நின்றது. அப்பாடா என்று படுத்தேன். மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும். அத்தான் ஏதோ சரி செய்துவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். விடியற்காலை நாலு மணிக்கு அது திரும்ப ஆரம்பிப்பது அரைத் தூக்கத்தில் காதில் விழத்தான் செய்தது. ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் என் தூக்கம் போய்விடுமோ என்ற பயமாக இருக்கலாம். ஐந்து ராத்திரி சுகமாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் நாள் மத்தியானம் அக்காவுக்குத் தலை சுற்றிற்று. தாகம் தாகம் என்று ஒரு கூஜாத் தண்ணீரையும் குடித்தாள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 386. அத்தான் ஓடிப்போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த உஷ்ணமானி 31 டிகிரி காட்டியது. விசிறியின் ஸ்விட்ச் அணைந்து கிடந்தது. விசிறி இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடிய பெட்டி, சூடு பொறுக்காமல் தானே நின்றுபோயிருக்கிறது. மூன்று மாதத்து இன்ஸுலின் அதற்குள் இருந்தது.

"நான்தான் தம்பி அணைச்சேன்" என்றாள் அக்கா. "அந்தச் சத்தத்தில் அவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. காசி வரைக்கும் வண்டி ஓட்டப்போகிற மனுஷர் தூங்க வேண்டாமா? அவர் அசந்ததும் அணைச்சுட்டு, நாலு மணிக்கு எழுந்து போட்டுவிடுவேன். இன்னிக்கு மறந்துட்டேன்."

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாளும் அவளுக்குத் தூக்கம் கெடுகிறதே என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குவதுபோல் கிடந்திருக்கிறார். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

டாக்டர் நிதானமானவர். சர்க்கரை ஏறியது மருந்து கெட்டதனாலா, இரண்டு நாளாக நாங்கள் அக்காவுக்குப் படைத்த பொங்கல் பாயசத்தினாலா என்று தம்மால் சொல்ல முடியாது என்றார். உஷ்ணத்தில் கெட்ட இன்ஸுலின் பல சமயம் பார்வைக்கு நன்றாகவே இருக்குமாம். சந்தேகப்பட்ட மருந்தைப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தார். புது மருந்தை எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தோம். சாயங்காலம் அத்தான் வண்டிப் படியில் உட்கார்ந்து, "இதை யாராவது வாங்குவார்களா, விசாரி மாப்பிள்ளை" என்றார்.

அன்றிரவு சத்தமில்லை, எனக்குத் தூக்கமும் இல்லை. குளிர்ப்பெட்டியின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் 1842-இல் கட்டப்பட்டது. அமெரிக்கக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறி வந்து அங்கே இறங்கியது. அதில் சத்தம் ஏது? 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், மண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள், ஒரு சுடரின் சூட்டைக் கொண்டே குளிர வைக்கும் பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். அதில் மோட்டாரே கிடையாது, ஆடுகிற உறுப்பே கிடையாது. ஐன்ஸ்டைனையும் இந்த ஆசை விட்டுவைக்கவில்லை. பெர்லினில் ஒரு குடும்பம் குளிர்ப்பெட்டியிலிருந்து கசிந்த விஷவாயுவால் மாண்டதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, அவரும் அவருடைய சிநேகிதர் லியோ ஸிலார்டும் சேர்ந்து கசிவே இல்லாத பெட்டிக்கு வழி தேடினார்கள். 1931-இல் மாதிரிப் பெட்டி ஓடவும் ஓடியது. ஆனால் அது நரி ஊளையிடுவதுபோல் சத்தம் போட்டதாம்! பிறகு ஃப்ரியான் என்ற புதிய வாயு வந்து, அவர்கள் முயற்சிக்கு அவசியமில்லாமல் போய்விட்டது. ஐன்ஸ்டைன் பெட்டியே ஊளையிட்டதென்றால் அத்தானை நொந்து என்ன பயன் என்று எனக்கு அற்ப சந்தோஷம் உண்டாயிற்று.

காலையில் தேரடி வீதிக்குப் போனேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற பையன் ஒருவன் அங்கே கடை வைத்திருக்கிறான். கம்ப்யூட்டருக்குள்ளும் இதே மாதிரி விசிறிதான் சுழல்கிறது. அவனைக் கையோடு அழைத்து வந்தேன். அவன் திருப்புளியால் அலமாரியின் ஒரு பக்கத்தைக் கழற்றினான். டார்ச் அடித்துப் பார்த்தான். விசிறியைப் போட்டுவிட்டுப் பலகைமேல் உள்ளங்கையை வைத்தான்.

"ஃபேன்மேல தப்பில்லை சார். காத்து வர வழியும் இல்லை, போக வழியும் இல்லை."

தச்சர் அலமாரியைக் காற்றுப் புகாதபடி அத்தனை நேர்த்தியாகச் செய்திருந்தார். விசிறி சுருளின் வழியாகத் தள்ளிய சுடுகாற்று, மேலே போய், முட்டி, பக்கவாட்டு இடைவெளியில் இறங்கி, திரும்ப விசிறியின் வாய்க்கே வந்துகொண்டிருந்தது. பெட்டி குளிரவில்லை, ஆகவே ஓய்வில்லாமல் ஓடியது, ஆகவே இன்னும் சூடு.

"உள்ளேயே பிரதட்சணம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறது, சரிதான்" என்றார் அத்தான். சம்பவம் நடந்ததற்குப் பிறகு அவர் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு.

சத்தத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. விசிறியை மெல்லிய பிளைவுட்டில் நேராக முடுக்கியிருந்தார்கள். தந்தியின் நாதத்தை வீணையின் குடம் வாங்கிப் பெரிதாக்குகிறதல்லவா? இங்கே அலமாரி முழுவதும் குடம்!

பையன் சாமான்களோடு மறுநாள் வந்தான். வண்டியின் தரையில், நிழல் விழுகிற இடமாகப் பார்த்து ஒரு துவாரம் வெட்டி, எலி நுழையாமல் கம்பிவலை அடித்தான். அலமாரியின் உச்சியில் வெளிப்பக்கமாக இன்னொரு துவாரம். சூடான காற்று தானாகவே மேலே போகும் சுபாவமுள்ளது. அதற்கு நாம் செய்ய வேண்டியது கதவைத் திறந்து விடுவதுதான். சுருளைச் சுற்றியிருந்த சந்துகளைத் தகடும் கம்பளித் துண்டும் வைத்து அடைத்தான். இனிமேல் காற்று சுருளின் வழியாகப் போனால்தான் உண்டு, குறுக்கு வழி கிடையாது. பழைய 80 மில்லிமீட்டர் விசிறியை எறிந்துவிட்டு 140 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை எடுத்தான்.

"இவ்வளவு பெரிசா? இது இன்னும் கத்துமே!" என்றாள் அக்கா.

இந்த இடத்தில் அத்தானுக்குள் இருந்த கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். பழைய விசிறி நிமிஷத்துக்கு 3,000 சுற்று. ஒரே வேகத்தில் சுற்றினால் காற்றின் அளவு விசிறியின் குறுக்களவைக் கனம் பண்ணின கணக்கில் கூடும் என்று பையன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் கதவிலேயே சாக்குக்கட்டியால் போட்டார். 140-ஐ 80-ஆல் வகுத்தால் 1.75, அதன் கனம் 5.36. வேகத்தை 700 சுற்றாகக் குறைத்தாலும் பழைய காற்றைவிடக் கால் பங்கு அதிகம்! சத்தமோ வேகத்தோடு படுபாதாளத்துக்கு இறங்கும். வேகம் பாதியானால் ஏறக்குறைய 15 டெசிபல் குறையுமாம். விடைக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தார். "போன வருஷமே இதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்" என்று சாக்குக்கட்டியைத் தரையில் எறிந்தார்.

பையன் விசிறியை ஆணியால் முடுக்கவில்லை. சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூப் வாங்கி வரச் சொல்லி, அதைப் பட்டையாக அறுத்து, நாலு மூலையிலும் தொட்டில் மாதிரிக் கட்டித் தொங்கவிட்டான். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ஸ்விட்சைச் சுருளில் ஒட்டினான். சுருள் 40 டிகிரி சூடேறினால் அது தானே விசிறியைப் போடும். ஆறினால் தானே நிறுத்தும். கையால் அணைக்கிற பழைய ஸ்விட்சைப் பிடுங்கி அத்தானிடம் கொடுத்தான். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

மருந்தை உடனே வண்டிக்கு மாற்றவில்லை. பெட்டிக்குள் தண்ணீர்ப் பாட்டில்களையும் உஷ்ணமானியையும் வைத்து, அத்தான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மணிக்கொரு தரம் குறித்துக்கொண்டே வந்தார். பத்து நிமிஷம் ஓடியது, இருபது நிமிஷம் ஓய்ந்தது. முன்பெல்லாம் விடிவதற்குள் சோர்ந்துபோகும் பாட்டரி காலையிலும் தெம்பாக இருந்தது.

ஒத்திகையின் நடுவே சித்திரா பௌர்ணமி வந்துவிட்டது. பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் ஜனங்கள். ஒலிபெருக்கி, பீப்பீ, தொலைந்துபோன குழந்தைகளின் பெயர்கள். இந்த அமளியில் நரி நிஜமாகவே ஊளையிட்டாலும் யாருக்குக் கேட்கும்? விசிறி அமைதியாக இருக்கிறதா என்று சோதிக்க எங்கள் ஊரில் அதைவிட மோசமான ராத்திரி வேறு இல்லை.

பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள், உஷ்ணமானி 4, 5 என்றே நின்றதைப் பார்த்துவிட்டு, அக்கா மருந்தை எங்கள் வீட்டிலிருந்து வண்டிக்கு எடுத்துப்போனாள். ஒவ்வொரு சீசாவையும் முந்தானையில் துடைத்து அடுக்கினாள். அன்று தெரு வெறிச்சென்றிருந்தது. மேஜையில் உட்கார்ந்து வேப்பமரத்தின் பக்கம் காதைக் கொடுத்தேன். சருகு விழுகிற சத்தம் கேட்டது. கதாநாயகி தாராளமாக அழுதாள்.

ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். கையில் டார்ச்சோடு அக்கா.

"தம்பி, விசிறி நின்னுபோச்சுடா! சத்தமே வரலை. மருந்தெல்லாம் உள்ளே இருக்கு."

எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அத்தான் அதற்குள் எழுந்து, பனியனோடு அலமாரிமேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உஷ்ணமானி 4 டிகிரி காட்டியது. அக்கா நம்பவில்லை. நாலு மணிக்கு எழுந்து எழுந்து பழகிய காது, அந்தச் சத்தம் இல்லாமல் எப்படி நம்பும்? என் சட்டைப் பையில் பஸ் டிக்கெட் ஒன்று கிடந்தது. அதை நீளமாகக் கிழித்து, மேல் துவாரத்தின் வலையில் நுனியைச் சொருகினேன். காகிதம் அசையாமல் தொங்கிற்று. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மூவரும் டார்ச் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அந்தக் காகிதம் மெல்ல எழும்பிப் படபடவென்று ஆடத் தொடங்கியது.

"ஓடறதா?" என்றாள்.

"ஓடுகிறது, அக்கா."

விரலை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்து, "போய்ப் படுங்க" என்றாள்.

காலையில் அந்தக் காகிதத்தை எடுக்கப் போனேன். வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.