வட்டமிட்ட விமானமும் நமது தவக்குலும்

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை மாலை. திருச்சியிலிருந்து 141 பயணிகளுடன் ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், மேலெழுந்த சற்று நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. பரங்கிப்பேட்டையில் நாம் இஷாவுக்குக் காத்திருந்த வேளையில், அது வானில் வட்டமிட்டுக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவைத்த ஊரல்லவா? கையேந்தி துஆச் செய்தோம்.

“ஏன் இன்னும் இறக்கவில்லை?” என்று பதறினோம். நிறைந்த எரிபொருளின் எடையோடு இறங்குவது ஆபத்து. போயிங் 737 விமானத்தில் எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி கிடையாது. பறந்துதான் குறைக்க வேண்டும் என்பது பிறகே விளங்கியது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் ஆயத்தமாக நின்றன. இரவு 8.15 மணியளவில் விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. அல்ஹம்துலில்லாஹ்!

நாம் தவிப்பாகக் கண்ட அந்த இரண்டரை மணி நேரம், விமானிகளுக்குப் பொறுமையோடு செய்த கடமை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனைச் சார்ந்திருக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் போதனை அன்று நமக்குப் புரிந்தது.

இப்போதெல்லாம் பிள்ளைகளை வழியனுப்பும்போது பயண துஆவை நினைவூட்டுகிறோம். விமானத்தில் சொல்லப்படும் பாதுகாப்பு விளக்கத்தையும் கவனித்துக் கேட்கச் சொல்கிறோம். இரண்டும் சேர்ந்ததே தவக்குல்.