நானே பற்ற வைத்த எஃப்.எம். ரேடியோ



சுவர் இதழுக்கு ஒரு கட்டுரை கொடு என்று டீச்சர் கேட்டதும் ‘மழைநீர் சேகரிப்பு’ எழுதலாமா, ‘நூலகத்தின் பயன்கள்’ எழுதலாமா என்று யோசித்தேன். அதையெல்லாம் நிறைய பேர் நல்லாவே எழுதிவிட்டார்கள். அதனால் இந்த லீவில் நான் என் கையால் செய்த ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் எஃப்.எம். ரேடியோ. கடையில் வாங்கிய ரேடியோ இல்லை. கடையில் வாங்கியது பாகங்கள் மட்டும்தான். ரேடியோ ஆக்கியது நான்!

“செல்போன்லயே பாட்டு கேக்கலாமே, இது எதுக்கு?” என்று என் தோழி கேட்டாள். நீங்களும் கேட்பீர்கள். அதற்குப் பதில் இருக்கிறது.

எதற்காகச் செய்தேன்?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கடந்ததும் போய்விடாமல் பல மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம்ம விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடு ஆனது. எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் அம்மா போனில் சார்ஜ் தீர்ந்தது. பக்கத்து வீட்டிலும் அதே கதை. மழை நிற்குமா, இன்னும் வருமா, ஏரி உடைந்துவிட்டது என்கிறார்களே அது உண்மையா பொய்யா, ஒன்றும் தெரியவில்லை. தெருவில் ஆளுக்கு ஒரு சேதி சொன்னார்கள்.

எங்கள் ஆயாவிடம் ஒரு பழைய ரேடியோ இருந்தது. ஆயாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல். டி.வி. பார்க்க முடியாது. மணி எத்தனை என்பதைக்கூட ரேடியோவில் ஓடும் நிகழ்ச்சியை வைத்துத்தான் சொல்வாங்க. அந்த ரேடியோ கட்டிலுக்குக் கீழே இருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததில் நனைந்து, அன்றோடு அது பேசவில்லை. “புயல் பூடுச்சா, இன்னும் கீதா?” என்று ஆயா இருட்டில் கேட்டுக்கொண்டே இருந்தாங்க. யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

ரெண்டே ரெண்டு சின்ன பேட்டரியில் ஓடுகிற ஒரு ரேடியோ இருந்திருந்தால் ஆயாவுக்கு மட்டுமில்லை, எங்கள் தெருவுக்கே பதில் கிடைத்திருக்கும்.

கிட் வந்தது

ரேடியோவை நாமே செய்யும்படி பாகங்களைச் சேர்த்து ஒரு கவரில் போட்டு விற்கிறார்கள். அதற்குப் பெயர் ‘கிட்’. விலை 380 ரூபாய். என் உண்டியலில் 230 ரூபாய்தான் இருந்தது. மீதி 150 ரூபாயை ஆயா தன் முதியோர் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாங்க. அந்தப் பணம் ஆயாவின் மாத்திரைக்கு வைத்திருந்தது. ரேடியோ பாடவில்லை என்றால் 380 ரூபாயும் வீண். அதனால் பயமாகத்தான் இருந்தது.

கவரைப் பிரித்தால் ஒரு பச்சைப் பலகை, ரெசிஸ்டர்கள், கண்டன்சர்கள், செம்புக் கம்பியில் சுற்றிய குட்டிக் காயில்கள், ஸ்டேஷன் மாற்றுகிற ‘கேங்’, வால்யூம், ஸ்பீக்கர். ஐ.சி. என்கிற முக்கியமான பாகத்துக்கு 28 கால்கள். எறும்புக் கால் மாதிரி இருக்கும். அதை மட்டும் அவர்களே பலகையில் பற்ற வைத்து அனுப்பியிருந்தார்கள். மீதியெல்லாம் நம் வேலை. எண்ணிப் பார்த்தேன், 61 இடத்தில் பற்ற வைக்க வேண்டும்.

செய்முறைத் தாள் முழுக்க ஆங்கிலம். நானும் என் தோழியும் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து தமிழில் எழுதினோம்.

ரெசிஸ்டர் மேல் எண் இருக்காது, வண்ணக் கோடுகள்தான் இருக்கும். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. முதல் இரண்டு கோடு எண்கள். மூன்றாவது கோடு எத்தனை பூஜ்யம் போட வேண்டும் என்று சொல்லும். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10க்குப் பின்னால் மூன்று பூஜ்யம், அதாவது 10,000 ஓம். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஈயம் பூசுவதும் இதுவும் ஒன்றுதான்!

எங்கள் மாமா டவுனில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை செய்கிறார். அவரிடம் சால்டரிங் அயர்ன் இருந்தது. அம்மாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. “கரண்ட் வேலை பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு? கையச் சுட்டுக்கிட்டா யாரு பதில் சொல்றது?” என்றாங்க. மாமாதான், “நான் பக்கத்துல இருக்கேன் அக்கா. தோசைக்கல்லுல வராத சூடா இதுல வந்துடப் போவுது?” என்று சொல்லி அம்மாவைச் சம்மதிக்க வைத்தார்.

பற்ற வைக்கும் கம்பியைக் கடைக்காரர்கள் ‘லெட்’ என்பார்கள். அதில் வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கிறது. இதில் ஓர் அதிசயம். வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும். காரீயத்துக்கு 327 டிகிரி. ஆனால் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்தால் சுமார் 190 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! தனித்தனியாக இருப்பதைவிடச் சேர்ந்தால் சீக்கிரம் உருகும். அதனால்தான் பாகங்கள் கெடாமல் பற்ற வைக்க முடிகிறது.

கம்பியைத் தொட்டதும் புகை வந்தது. வாசனையைப் பிடித்த ஆயா, “இன்னாடி இது, பாத்திரத்துக்கு ஈயம் பூசற மாதிரி கீது?” என்றாங்க. அந்தக் காலத்தில் தெருவில் கூவிக்கொண்டு வந்து பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களாம். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தேய்த்து, பிறகுதான் ஈயத்தை வைப்பார்களாம். “நவச்சாரம் போடலன்னா ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடிடும்” என்றாங்க ஆயா.

மாமா சிரித்துவிட்டார். “அதே வேலைதான் பெரியம்மா. இந்தக் கம்பிக்குள்ளயே பிசின் வச்சிருக்கான்” என்றார். உலோகத்தின் மேல் காற்று பட்டு ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதை நீக்கினால்தான் ஈயம் ஒட்டும். அங்கே நவச்சாரம் செய்த வேலையை இங்கே பைன் மரத்துப் பிசின் செய்கிறது. பள்ளிக்கூடமே போகாத எங்கள் ஆயா, புத்தகத்தில் நான் படிக்காத வேதியியலைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டாங்க!

சரியாகப் பற்றிய இடம் பளபளவென்று சரிந்து, சின்னக் குன்று போல இருக்கும். மங்கலாக உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை என்று அர்த்தம். ஒவ்வொன்றையும் மாமா லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போனேன். மூன்று நாள் சாயங்காலம் ஆனது.

எஃப்.எம். என்றால் என்ன?

ரேடியோ அலை நம் சேதியைச் சுமந்துகொண்டு வரும் வண்டி. மீடியம் வேவில் அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துச் சேதி அனுப்புவார்கள். எஃப்.எம்.மில் உயரத்தை விட்டுவிட்டு, அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை மாற்றி அனுப்புவார்கள்.

திருவிழாவில் தூரத்தில் நாயனம் வாசிக்கும்போது காற்று அடித்தால் சத்தம் கூடும், குறையும். ஆனால் ராகம் மாறுமா? மாறாது. மின்னல் வெட்டினால் மீடியம் வேவில் ‘கரகர’ என்று கேட்பதும், எஃப்.எம்.மில் அது பெரிதாகத் தெரியாததும் இதனால்தான். ஆனால் எஃப்.எம். மீடியம் வேவ் அளவுக்குத் தூரம் போகாது. நமக்குப் புதுச்சேரி பக்கம் என்பதால் கவலை இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். 1933இல் எஃப்.எம்.முக்கு உரிமம் பெற்றார். கண்டுபிடிப்பாளர் ஆக வேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது அவருக்கு வயது பதினாலு. நம்ம வயசுதான்!

நம்ம ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியில் 1924 மே 16 அன்று மதராஸ் மாகாண ரேடியோ கிளப் தொடங்கி, ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணம் இல்லாமல் 1927இல் கிளப் நின்றுபோனது. ஆனால் அதன் கருவியை வாங்கிக்கொண்ட மாநகராட்சி 1930இல் மறுபடி ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவில் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு வந்ததும் சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று. ஆர்வத்தில் சேர்ந்தவர்கள் ஆரம்பித்ததுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

பாடியதா?

பேட்டரி போட்டு வால்யூமைத் திருப்பினேன். ‘உஸ்ஸ்ஸ்’ என்று இரைந்தது. எனக்கு வயிறு கலங்கியது. மாமா மட்டும், “இரைச்சல் வந்தா நல்ல சேதிம்மா. உயிர் இருக்குது” என்றார். மெதுவாகக் கேங்கைத் திருப்பியதும் திடீரென்று ஒரு சினிமாப் பாட்டு! 93.5. இன்னும் திருப்பினால் ரெயின்போ 102.8 வந்தது. ஆனால் காலாப்பட்டில் பல்கலைக்கழகம் நடத்தும் புதுவை வாணி 107.8 மட்டும் வரவில்லை. கேங் கடைசி வரை போய் நின்றுவிட்டது. அத்தனை பக்கத்தில் இருக்கிற ஸ்டேஷன் கேட்கவில்லையே!

செய்முறைத் தாளின் கடைசிப் பத்தியில் விடை இருந்தது. இந்த மாதிரி ரேடியோ தனக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும். அது ஸ்டேஷன் அலையைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் அதிகமாக இருக்க வேண்டும். 102.8 கேட்க 113.5, 107.8 கேட்க 118.5. அந்த அலையைத் தருவது காயிலும் கேங்கும். காயில் சுற்றுகள் நெருக்கமாக இருந்தால் அதிர்வு குறையும், விலக்கிவிட்டால் கூடும். கிட்டில் வரும் காயிலை எல்லாருமே இப்படிச் சரிசெய்துதான் ஆக வேண்டுமாம்.

இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் தொட்டால் காயிலின் குணமே மாறிவிடும். கை பக்கத்தில் போனாலே ஸ்டேஷன் நழுவியது. அதனால் ஆயா துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கொடுத்தாங்க. அதை வைத்து, சுற்றுகளை ஒரு மயிரிழை விலக்கினேன். கேங்கைத் திருப்பினேன். மறுபடி இன்னொரு மயிரிழை. நாலாவது தடவை ஒரு பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது. புதுவை வாணி!

அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து கேட்டாங்க. ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில், “எம் பொண்ணு ரேடியோ செஞ்சிச்சி” என்று சொல்லியது என் காதில் விழுந்தது.

செய்து பார்க்க விரும்புவோருக்கு:

* பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பற்ற வையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகையை முகராதீர்கள்.
* காரீயம் நஞ்சு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.
* ஏரியல் கம்பி 70 சென்டிமீட்டர் போதும். 300ஐ 107.8ஆல் வகுத்தால் அலையின் நீளம் 2.78 மீட்டர். அதில் கால் பங்குதான் இது.
* புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு புதுப் பேட்டரியைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உயரமான இடத்தில் வையுங்கள். ரேடியோவையும்தான்!

நானும் என் தோழியும் எழுதிய தமிழ்ச் செய்முறைத் தாளை அறிவியல் டீச்சரிடம் கொடுத்திருக்கிறோம். ஆய்வக அலமாரியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். வண்ணக் கோடு வாய்ப்பாட்டிலிருந்தே ஆரம்பிப்போம்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி