காற்றிலேயே 450-ஐத் தொட்ட செலரான்

300 மெகாஹெர்ட்ஸ் என்று காசு கொடுத்து வாங்கிய ப்ராசசர், வீட்டுக்கு வந்ததும் 450-ல் ஓடினால் எப்படி இருக்கும்? 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ அப்படித்தான் ஓடியது. தண்ணீர்க் குழாய், ஐஸ் என்று எந்தப் பந்தாவும் இல்லை. ஒரு ஹீட்சிங்க், ஒரு ஃபேன், அவ்வளவுதான்!

இதற்குப் பெயர் ஓவர்க்ளாக்கிங். கணக்கு ரொம்ப எளிது. மதர்போர்டின் பஸ் வேகத்தை மல்டிப்ளையரால் பெருக்கினால் ப்ராசசரின் வேகம். 300ஏ-வுக்கு 66.6 x 4.5. இந்த 4.5-ஐ யாரும் தொட முடியாதபடி இன்டெல் பூட்டி வைத்திருந்தது. ஆனால் பஸ் பக்கத்துக் கதவு திறந்தே கிடந்தது. 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள போர்டில் பஸ்ஸை 100 ஆக்கினால் 450 வந்துவிடும். ஏபிட் பிஎச்6 போர்டில் இதை பயாஸுக்குள்ளேயே மாற்றலாம். அந்த வசதி இல்லாதவர்கள் ப்ராசசரின் பி21 என்ற பின்னை டேப்பால் மூடி போர்டை ஏமாற்றினார்கள்!

சரி, ஏன் நேராக 100? நடுவில் 83 இருக்கிறதே? அங்கேதான் சிக்கல். பிசிஐ பஸ் 33-ல் ஓட வேண்டும். 83-ஐ இரண்டால் வகுத்தால் 41.5, ஹார்ட் டிஸ்க் தகராறு செய்யும். 100-ஐ மூன்றால் வகுத்தால் சரியாக 33. அதாவது 83-ஐ விட 100 பத்திரமானது.

லாபம் எவ்வளவு? 300ஏ-வின் அறிமுக விலை 149 டாலர், பென்டியம் 2 450-க்கு 669 டாலர். செலரானில் கேஷ் 128 கேபிதான். ஆனால் அது சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடும். பென்டியத்தின் 512 கேபி பாதி வேகம்தான். அதனால் பல விளையாட்டுகளில் இரண்டும் தோளோடு தோள் நின்றன. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்பார்கள். 150 மெகாஹெர்ட்ஸை விடுவார்களா?

ஆனால் இது முழு ஓசியும் இல்லை. மின்சாரச் செலவு வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு இருமடியாக ஏறும். வேகம் 1.5 மடங்கு, வோல்டேஜ் 2.0-லிருந்து 2.2 என்றால் வெப்பம் சுமார் 1.8 மடங்கு. அத்தனையையும் காற்றுதான் சுமக்க வேண்டும். எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் போட்டாலும் ப்ராசசர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. அறையே 38 டிகிரி என்றால் கணக்கு 38-லிருந்துதான் ஆரம்பம். தெர்மல் பேஸ்ட்டையும் அள்ளி அப்பக் கூடாது. அதன் வேலை இரண்டு உலோகங்களுக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்புவது மட்டுமே. தடித்துப் போனால் அதுவே வெப்பத்துக்குத் தடை.

எல்லா 300ஏ-வும் 450-ஐத் தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாங்கும் சிப்பைப் பொறுத்த லாட்டரி அது.

பலரும் பயந்தது சிப் கருகிவிடும் என்று. உண்மையான ஆபத்து வேறு. கம்ப்யூட்டர் உறைந்து நின்றால் தப்பு தெரிந்துவிடும். எல்லை மீறிய ப்ராசசர் சில நேரம் நிற்காமலே தப்பான விடை தரும். அது ஒரு கோப்புக்குள் சத்தமில்லாமல் எழுதப்பட்டுவிட்டால் என்றைக்குக் கண்டுபிடிப்பது? ப்ரைம்95 போன்ற மென்பொருளை ஓவர்க்ளாக்கர்கள் இரவு முழுக்க ஓடவிட்டது இதற்காகத்தான். விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைப் போட வைத்து அது சரிபார்க்கும். விண்டோஸ் திறந்தது, கேம் ஓடியது என்பதெல்லாம் சாட்சி ஆகாது.

2008-ல் வந்த கோர் ஐ7-லிருந்து, வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் இடம் இருந்தால் ப்ராசசரே தன் வேகத்தை ஏற்றிக்கொள்ளும் டர்போ பூஸ்ட் வந்துவிட்டது. கம்பெனி விட்டுவைக்கும் மிச்சம் இப்போது ரொம்பக் குறைவு. அந்த 50 சதவீதத்தை எதிர்பார்த்து இன்றைக்கு யாராவது இறங்கினால் ஏமாற்றம்தான். நல்ல கூலர் மட்டும் இன்றும் வீண் போகாது. வெப்பம் குறைந்தால் டர்போ வேகம் கூடுதல் நேரம் நிற்கும், பயாஸைத் தொடவே வேண்டாம்.